ஆம்பிளிஃபயருக்கும் மல்லிகைச் செடிக்கும் என்ன சம்பந்தம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆம்பிளிஃபயர் இருந்ததாம். அதைச் சுற்றி வாய்த்தது பூராவும் காது கேளாத ஜனங்களாம். கதை என்றால் இப்படித்தானே தம்பி தொடங்க வேண்டும்? உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது ஓரம். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். இப்படி நடுவில் வாருங்கள். பின்பக்கத்துப் போர்ஷன் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் பார்க்கலாம். டு-லெட் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தண்ணீர் வருமா என்றுதான் கேட்கிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். வரும். இப்போது நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

கேட்கிறதா?

பாட்டு எதுவும் போடவில்லை. ஆன் செய்து சும்மா வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அடியில், ம்ம்ம்ம் என்று. ஃபேன் இல்லை தம்பி. ஃபேனை நான் நிறுத்தி வெகுநாளாகிறது, வேர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள். அதோ, அதுதான். அதற்குப் பெயர் ஹம். கேட்டுவிட்டீர்களா? பரவாயில்லை. இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரி கேட்கவில்லை என்பாள். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தபோது ஸ்பீக்கரிலேயே காதை வைத்துவிட்டு, “மாமா, இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு கையடக்கமா ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கோங்க, சமையல் ரூம்லகூட வெச்சுக்கலாம்” என்றார். கம்ப்யூட்டர் படித்தவர். காரிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்த காது. அதற்கு அந்த ப்ளூடூத்தே போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் திருமூர்த்தி. பாலிடெக்னிக்கில் மின்னியல் துறை. ரிட்டையர் ஆகிவிட்டேன். இந்தச் சேலத்தில் லைன்மேன், ஒயரிங் காண்ட்ராக்டர், மோட்டார் கடைக்காரன் என்று யாரைப் பிடித்து உலுக்கினாலும் என் வகுப்பில் தூங்கினவனாகத்தான் இருப்பான். இந்த வீட்டுக்கு ஒயரிங் இழுக்க அவன்களில் ஒருத்தனையும் நான் விடவில்லை. சுவிட்சு போர்டு வரைக்கும் நானே. எர்த்கூட நானே நின்று இறக்கினது. அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். கொல்லையில் ஒரு காய்ந்த செடி நிற்கிறதே, அதன் காலடியில் இரும்புக் குழாய் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான். ஆளை விட ஆழமாகக் குழி தோண்டி, குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினது. வீட்டில் எந்தச் சாமானில் கரண்ட் கசிந்தாலும் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். வருஷா வருஷம் இந்தப் படத்தைப் போர்டில் வரைவேன். குழாய், கரி, உப்பு, கடைசியில் ஒரு வரி: வெயில் காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதிப் பையன்கள் அந்த வரியை எழுத மாட்டான்கள். அங்கேதான் மார்க்கைக் குறைப்பேன்.

என்ன கேட்டீர்கள்? இந்தக் குழியில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றா? தம்பி, அது பரீட்சைக்கு எழுதுவது. கண்டவன் இறக்கின எர்த்துக்குச் சொன்னது. நான் இறக்கினதற்கு ஒருத்தரும் பாலூற்றிச் சீராட்ட வேண்டியதில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன் பாருங்கள்.

பின் போர்ஷனில் உங்களுக்கு முன்னால் ரஞ்சிதம் என்று ஒருத்தி இருந்தாள். ரவிக்கை தைக்கிறவள். புருஷன் லாரி ஓட்டுகிறான். எப்போதாவது வருவான், வந்தால் தூங்குவான். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூளை இல்லை என்பதைத் தவிர. வந்த புதிதிலேயே எங்கிருந்தோ ஒரு மல்லிகைப் பதியனைக் கொண்டுவந்து, கொல்லை முழுக்க இடம் இருக்க, அந்த எர்த் குழாயின் காலடியில் நட்டாள். “ஏம்மா, வேறே இடமே கிடைக்கலையா?” என்றேன். “இங்கதாங்க சார் மண்ணு பொலபொலன்னு இருக்குது” என்றாள். இருக்காதா? நான் தோண்டி மூடின மண்.

நட்டதோடு விட்டாளா? அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், துணி அலசின கடைசித் தண்ணீர் எல்லாம் அந்தச் செடிக்குத்தான். என் வீட்டுக்காரி தனபாக்கியமும் அவளோடு சேர்ந்துகொண்டு, நம் வீட்டுத் தண்ணீரையும் கொண்டுபோய் அங்கேயே கொட்டினாள். செடி தளதளவென்று வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சாயங்காலமானால் இரண்டு பேரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுப் பறித்துத் தொடுப்பார்கள். தொடுத்துக்கொண்டே பேச்சு. பேச்சு முற்றினால் பாட்டு. சரியாக நான் இங்கே பாட்டுக் கேட்க உட்காருகிற நேரம். ஜன்னலோ அந்தப் பக்கம். இங்கே ஒரு வித்வான் உயிரைக் கொடுத்து ஆலாபனை செய்துகொண்டிருப்பார், அங்கே இவர்கள் நலங்குப் பாட்டு.

தனபாக்கியம் பாடுவாள் தம்பி. ஒரு காலத்தில் நன்றாகவே பாடுவாள். ஆனால் கொல்லையில் உட்கார்ந்து பாடுவது பாட்டா? பின்னால் குழாய் சொட்டுகிறது, பக்கத்து வீட்டில் குக்கர் கத்துகிறது, நடுநடுவே ரஞ்சிதம் “அக்கா, அந்த எடத்தை இன்னொருக்கா” என்கிறாள். கேட்கிறதென்றால் பதிவில்தான் கேட்க வேண்டும். நேரில் பாடுகிற எதுவும் சுத்தமாக இருக்காது. ஜன்னலைத் திறந்து “சத்தம்” என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். அதோடு பாட்டு நின்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் கொசு. மாசி போய்ப் பங்குனி வந்ததும், செடியைச் சுற்றி எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கிறதே, இந்த அறை முழுக்கக் கொசு. ஸ்பீக்கர் துணிமேல் கொசு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அன்றைக்கே கொல்லைக்குப் போய், “இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணி இந்தச் செடிக்கு ஊத்தக் கூடாது” என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். ரஞ்சிதம், “சார், வெயில் வருதுங்களே, வாடிப்போயிருங்களே” என்றாள். “வாடட்டும்மா. பூ வேணும்னா கடைவீதியில விக்குது” என்றேன். ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்தது. கொசு போயிற்று. ஒரு காரியத்தைச் சொல்கிற விதமாகச் சொன்னால் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொசு போன கொஞ்ச நாளில், எங்கிருந்தோ வந்து சேர்ந்தது இந்த ஹம்.

முதலில் ஒயரை மாற்றினேன். பின்களைத் தேய்த்துத் துடைத்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆம்பிளிஃபயரை மட்டும் வைத்துக் கேட்டேன். அப்போதும் ம்ம்ம்ம். ஆடியோ கடைக்காரனுக்குப் போன் செய்தால், “டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும் சார், புதுசு எடுத்துக்கோங்க” என்கிறான். பெட்டியைக் கண்ணாலே பார்க்காமல் சொல்கிறான்! என் பழைய மாணவன் ஒருத்தன் வந்து, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் ஹம் போய்விடும் என்றான். போகும். கூடவே ஆளும் போவான். இவனுக்கு நான்தான் பாஸ் போட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் தனபாக்கியம் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று ஆம்பிளிஃபயரைத் தொட்டுவிட்டு, “ஏங்க, பெட்டியைத் தொட்டா சுருக்குங்குதுங்க” என்றாள். “ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்” என்றேன். “துடைச்சுட்டுத்தாங்க தொட்டேன்” என்றாள். இவளோடு யார் வாதாடுவது?

யோசித்துப் பார்த்தேன் தம்பி. என் ஒயரிங்கில் தப்பு இருக்காது. என் பெட்டியில் தப்பு இருக்காது. அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிறது. இந்த வீட்டில் என் கை படாத கரண்ட் சாமான் எது? ரஞ்சிதத்தின் தையல் மிஷினில் இருக்கிற மோட்டார். இதற்குப் பெயர்தான் தர்க்கம்.

கூப்பிட்டுச் சொன்னேன். வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே இடத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“வண்டு பூவைச் சுத்தற மாதிரி நல்லாத்தாங்க சார் இருக்குது.”

“அது நல்லா இருக்கக் கூடாதும்மா. அது வியாதி.”

“வியாதிங்களா? அப்ப நான் என்னங்க பண்ணோணும்?”

“உன் மோட்டாரைக் கழட்டணும்.”

கழற்றினாள். காலாலேயே மிதித்துத் தைத்தாள். முட்டி வலிக்கிறது என்று தனபாக்கியத்திடம் சொன்னாளாம். தனபாக்கியம் இங்கே வந்து அதை எனக்கு ஒலிபரப்பினாள். அதற்கு நான் என்ன செய்வது? ஹம் நின்றிருந்தால் நானும் மோட்டாரைத் திருப்பி மாட்டச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நிற்கவில்லையே. அடுத்தது அவள் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர். மலிவு விலை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், அதுவும் இரைச்சல் விடுகிற சாமான்தான், சந்தேகமே இல்லை. எடுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் டியூப் லைட். குண்டு பல்பு போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நீல நூலையும் பச்சை நூலையும் மாற்றித் தைத்து, வாடிக்கைக்காரியிடம் ஏச்சு வாங்கினாள். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். சில பேருக்கு ரோஷம் வைத்துப் படைப்பதில்லை.

கடைசியில் சொல்லிவிட்டேன். “உன் மிஷின் இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் இது தீராதும்மா.”

“மிஷின் போனா கூடவே நானும் போகோணுமுங்களே சார்.”

“அது உன் சௌகரியம்.”

அப்போதுதான் முதல்முறையாகச் சிரிக்காமல் நின்றாள். “சரிங்க சார்” என்றாள்.

அவள் காலி செய்த அன்றைக்கு நான் இந்த ஜன்னலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டூர்த் தண்ணீர் முந்தின நாள்தான் வந்திருந்தது. டிரம், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் ததும்பத் ததும்பப் பிடித்து வைத்திருந்தாள். தண்ணீரோடு டெம்போவில் ஏற்ற முடியுமா? அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் அந்தச் செடிக்கே ஊற்றினாள். குடம் குடமாக. “குடிச்சுக்கட்டும் அக்கா, நான் போனப்புறம் யார் ஊத்தப் போறாங்க” என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். வெடித்துக் கிடந்த மண் குடுகுடுவென்று குடித்தது. கொல்லையெல்லாம் சேறு. போகிறவளிடம் என்ன சண்டை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருந்தன்மை உண்டு தம்பி. தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கூடப் பிறந்தவள் போகிற மாதிரி. தையல் மிஷினைக் கடைசியாக ஏற்றினார்கள். டெம்போ தெருமுனை திரும்பியது. உள்ளே வந்து இந்தச் சுவிட்சைப் போட்டேன்.

ஹம் இல்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊசி விழுந்தால் கேட்கும். நான் சொன்னேனா இல்லையா? மிஷின் போயிற்று, ஹம் போயிற்று. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? எதிர் வீட்டுத் தாசில்தார் ரிட்டையர் ஆனவர், அவரைக் கூட்டிவந்து இங்கே உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன சார், ஆன் பண்ணலையா?” என்றார். “ஆன் பண்ணித்தான் சார் இருக்கு. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்” என்றேன். “எதை?” என்றார். “ஒண்ணுமில்லாததை” என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போதெல்லாம் என்னைத் தெருவில் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொள்கிறார். தாலுகா ஆபீஸில் மனு வாங்கிப் பழகின காதுக்கு அமைதியின் அருமை எப்படித் தெரியும்?

சரி. அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் உங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்?

கத்திரி வெயில் தொடங்கியது. சேறு காய்ந்தது, செடி சருகாயிற்று, கொல்லை பழையபடி சுத்தமானது. நிம்மதியாக ஒரு சாயங்காலம் உட்காருகிறேன். ம்ம்ம்ம்.

தனபாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? “ஏங்க, ரஞ்சிதம் அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்த வரைக்கும் நீங்க சொல்ற சத்தம் இல்லைங்க. நிறுத்தச் சொன்னீங்க, வந்துச்சு. போற அன்னைக்கு ஊத்தினா, போச்சு. இப்ப மறுபடி காஞ்சு கிடக்குது. நான் வேணா ஒரு குடம் ஊத்திப் பார்க்கட்டுமா?”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. ஆம்பிளிஃபயருக்கும் மல்லிகைச் செடிக்கும் என்ன சம்பந்தம்? மின்னியல் படித்தவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஸ்பீக்கர் குணமாகும் என்கிறாள். “ஊத்தினே, கொசு வரும், அவ்வளவுதான்” என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் இந்தக் கேசட் ஞாபகம் வந்தது. இதைப் பாருங்கள். லேபிளில் எழுத்துக்கூட மங்கிப்போயிற்று. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், இதே வீட்டில், இதே அறையில், நானே மைக் வைத்துப் பதிந்தது. தனபாக்கியம் பாடின நலங்குப் பாட்டு. அதை எதற்கு எடுத்தேன் என்றால், நானே பதிந்ததில் ஹம் இருக்காது. அதைப் போட்டு, பாட்டு முடிந்த பிறகு வருகிற அமைதியில் காதை வைத்தால், இப்போதைய ஹம் தனியாகத் தெரியும். அளந்துகொள்ளலாம். அதுவரைக்கும் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவதுதான் என் வழக்கம். பாட்டு முடிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

இருக்கிறது தம்பி. பாட்டு முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, மைக்கை விட்டுத் தள்ளி, தாழ்ந்த குரலில், ஏதோ சொல்கிறாள். என்னிடம்தான் சொல்கிறாள், அறையில் வேறு யாரும் கிடையாது. சரியாக அந்த இடத்தில் ஹம் வந்து மேலே படுத்துக்கொள்கிறது. எத்தனையோ தடவை போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. எனக்கு இப்போது வேறு எந்தப் பாட்டும் வேண்டாம். அந்தப் பாடகர், இந்த வித்வான், ஒருத்தரும் வேண்டாம். அது என்ன என்று தெரிய வேண்டும். தூக்கம்கூடச் சரியாக இல்லை.

அவளிடமே கேட்கலாமே என்கிறீர்கள். கேட்டேன். “அன்னைக்குப் பாடி முடிச்சுட்டு என்ன சொன்னே?” என்றேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பவே கேட்டிருக்கலாமுங்களே” என்றாள். இது ஒரு பதிலா? ஞாபகசக்தியும் போயிற்று.

அதனால் ஹம்மை ஒழித்தே தீருவது என்று இறங்கினேன். ரஞ்சிதமும் இல்லை, பின் போர்ஷனும் பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது அடுப்படி. ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். தயிர் புளிக்கிறது என்றாள். புளித்தால் மோர்க்குழம்பு வை என்றேன். மிக்ஸி கூடாது என்றேன். அம்மியைக் கழுவி எடுத்தாள். அம்மியில் அரைக்கிற கடகட சத்தமும் கேட்கிறது, சரி, அது ஹம் இல்லை, பொறுத்துக்கொண்டேன். ஃபேன் இல்லை. போன் சார்ஜர் கூடாது. பக்கத்து வீட்டில் போய்ச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தாள், அங்கேயே உட்கார்ந்து ரஞ்சிதத்தோடு போனில் பேசிவிட்டும் வந்தாள். ஒரு நாள் அரைத்துக்கொண்டே தன்னை மறந்து வாய்க்குள் ஏதோ முனகினாள். அந்த நலங்குப் பாட்டுதான். நான் இங்கே அதே பாட்டின் முடிவில் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன். “தனம்! பாட்டைக் கேட்க விடறியா?” என்று கத்திவிட்டேன். நிறுத்திவிட்டாள். அதிலிருந்து வீட்டில் சத்தமே கிடையாது. கேட்கிறதற்கு இதைவிடத் தோதான வீடு சேலத்திலேயே இருக்காது. ஹம் மட்டும் இல்லை என்றால்.

சும்மா சொல்வானேன், போட்டே காட்டுகிறேன். இருங்கள். ம், ஓடுகிறது. பாடுகிறாள் பாருங்கள். குரல் எப்படி? இப்போது அடுப்படியில் கேட்கிற குரலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அதை விடுங்கள், பாட்டைக் கேட்காதீர்கள், பாட்டுக்கு அடியில் கேளுங்கள். ஹம். தெரிகிறதா?

அது ஒன்றுமில்லை, கொல்லையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். இவள்தான். பிடித்து வைத்த குடத்தையெல்லாம் கவிழ்க்கிறாள் போலிருக்கிறது. ஊருக்குப் போகிறபோது அப்படிச் செய்வாள். தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுப் போனால் புழு வைத்துவிடுமாம், மாநகராட்சிக்காரன் வந்து கத்துவானாம். பெண்ணின் பிரசவத்துக்குப் போனபோது அப்படித்தான் கடைசிக் குடம் வரைக்கும் கொட்டிவிட்டுப் போனாள். அந்தச் செடிக்கா ஊற்றுகிறாள்? பாருங்கள், செத்த செடிக்கு! தனம்! கொசு!

காதில் வாங்கினால்தானே? இரண்டாவது குடம். அண்டாவைச் சாய்த்து உருட்டுகிறாள். சரி விடுங்கள். நாம் இதைக் கேட்போம்.

இருங்கள் தம்பி. அசையாதீர்கள். ஹம் இளைக்கிற மாதிரி இல்லை? எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? இல்லை, இளைக்கிறது. இளைக்கிறது!

என்ன தனம், பை எதற்கு? ரஞ்சிதம் வீட்டுக்கா? அவளுக்குத் தையல் குவிந்து கிடக்கிறதாம், கொக்கி கட்டவும் ஓரம் அடிக்கவும் ஆள் வேண்டுமாம், அவள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறதாம். சொல்கிறாள். போ, போ, இப்போது பேசாதே. முக்கியமான இடம். கையில் என்ன குச்சி? செடியில் ஒரு கிளை பச்சையாக இருந்ததாம், ஒடித்து எடுத்துக்கொண்டாளாம். ஏதாவது பண்ணு. ராத்திரிக்குச் சப்பாத்தி போதும்.

கேட்டீர்களா தம்பி, “போறேங்க” என்கிறாள். படித்த குடும்பத்துப் பெண். புறப்படும்போது “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

செருப்பைப் போடுகிறாள். கேட் திறக்கிறது.

இப்போது கேளுங்கள்! நின்றுவிட்டது! சுத்தமாக நின்றுவிட்டது! ஸ்பீக்கரில் காதை வையுங்கள், ஒன்றுமில்லை! அவள் பைக்குள் அந்தப் போன் இருக்கிறது பாருங்கள். போன் கேட்டைத் தாண்டியது, ஹம் நின்றது. கடைசியில் இவள்தான்! இவளே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, செடி, தண்ணீர் என்று எனக்குக் கதை சொல்லியிருக்கிறாள்! உஷ். பாட்டு முடிகிறது. இதோ, இந்த இடம்தான்.

…

கேட்டீர்களா?

இருங்கள், பின்னால் ஓட்டுகிறேன். இன்னொரு தடவை.

“மெஷினை நிறுத்திட்டு வாங்க. பக்கத்துல வந்து உக்காருங்க.”

ஒரு எழுத்து விடாமல் விழுகிறது. வளையல் சத்தம்கூடக் கேட்டது, கவனித்தீர்களா? பாயைத் தட்டிக் காட்டுகிறாள் போலிருக்கிறது. மெஷினை நிறுத்தச் சொல்கிறாள்! பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பேசக் கூடாது என்று அன்றைக்கே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்போதும் இதே புத்திதான்.

நிறுத்தினேனா என்றா கேட்கிறீர்கள்? நிறுத்தியிருந்தால் இங்கே ஒரு டக் சத்தம் இருக்கும் தம்பி. கேளுங்கள். டக் இல்லை. ஓடுகிறது. இன்னும் ஓடுகிறது. அவள் எழுந்து போகிறாள், அதோ கொலுசு, கதவு வரைக்கும். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கேசட் முடிகிற வரைக்கும் நான் நிறுத்தவே இல்லை. என்ன அமைதி, என்ன அமைதி பாருங்கள்! இந்த மாதிரி ஒரு அமைதியைக் கைப்பட யார் பதிவார்கள்?

எழுந்துவிட்டீர்கள். போர்ஷனைப் பார்க்க வேண்டாமா? சாவி இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் நன்றாக வரும் என்றேனே. உங்கள் வீட்டில் மிக்ஸி எப்படி, பழசா? சரி, அது ஒன்றும் அவசரமில்லை, அப்புறம் பேசலாம். இன்னும் கொஞ்சம்தான் தம்பி இருக்கிறது, இந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் உட்காரலாமே. நடுவில் உட்கார்ந்து கேட்க ஆளே கிடைப்பதில்லை.

இல்லையா? சரி, போங்கள். அந்தக் கேட்டை மட்டும் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.